கப்பலால் இறங்குகிற அன்றைக்கே விமானமா?

வாசகர் கேள்வி – பதில்

முன்பு வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் போனால் கோயில், கடை, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று நாள் போய்விடும். இப்போது அம்மா அப்பாவை நாலு நாள் சொகுசுக் கப்பலிலும் ஏற்றிவிடுகிறார்கள். கப்பல் ரிக்கற்றைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். திரும்பி ஊருக்கு வருகிற விமானத்தை எந்த நேரத்துக்குப் போடுவது என்பதில்தான் குழப்பம். இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிற மகன் எங்கள் இரண்டு பேரையும் கப்பலில் பினாங்கு, புக்கெற் கூட்டிப்போகிறார். சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பும் என்று போட்டிருக்கு. அன்றைக்கு 10.10க்குக் கொழும்புக்கு ஒரு விமானம் மலிவாகக் கிடைக்கிறது. மூன்று மணித்தியாலம் இருக்குத்தானே, போடலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: போடவேண்டாம் அம்மா. அந்த மூன்று மணித்தியாலத்தில் முக்கால்வாசி உங்கள் கைக்கு வராது.

7 மணி என்பது கப்பல் துறையில் கயிறு கட்டுகிற நேரம். அதன்பிறகு துறைமுக அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுக்கவேண்டும். அது கிடைத்து முதல் ஆள் இறங்கவே அரை மணித்தியாலம் சென்றுவிடும். பெரிய கப்பல் என்றால் மூவாயிரம் நாலாயிரம் பேர். தங்கள் பெட்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போகிறவர்களை முதலில் விடுவார்கள். மற்றவர்களுக்கு முதல்நாளே நிறமும் இலக்கமும் போட்ட துண்டு கிடைத்திருக்கும், அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால்தான் இறங்கலாம். கடைசிக் கூட்டம் இறங்க ஒன்பதரை பத்தாகும். பிறகு குடிவரவு வரிசை. அது முடிய ஒரு பெரிய மண்டபத்தில் பெட்டிகளை நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். பாதிப் பெட்டி கறுப்பு, எல்லாம் ஒரே அச்சு. உங்கள் பெட்டியின் கைபிடியில் ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டிவிட்டால் அங்கே பத்து நிமிடம் மிச்சம். வெளியே வந்தால் டாக்சி வரிசை. மரீனா பே கப்பல் நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர், வீதி காலியாக இருந்தால் 25 நிமிட ஓட்டம்.

இனிப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். 10.10க்குப் பறக்கிற விமானத்துக்குப் பெட்டி போடுகிற கவுன்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முன், 9.10க்குப் பூட்டிவிடுவார்கள். 9.10க்குச் சாங்கியில் நிற்க, 8.30க்கு டாக்சிக்குள் இருக்கவேண்டும். அதற்கு 8 மணிக்கு முன் கப்பலால் இறங்கியிருக்கவேண்டும். எல்லாம் சரிவந்தால்கூட மூச்சு வாங்கும், ஒன்று பிசகினால் ரிக்கற் காசு போய்விடும். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு புறப்படுகிற விமானமாக எடுங்கள். மூன்று மணி என்றால் இன்னும் ஆறுதல். கையில் நேரம் மிஞ்சினால் சாங்கிக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், அதற்கென்ன.

பெட்டியைத் தாங்களே இழுத்து இறங்குகிற முறையை மகன் சொல்லுவார், கெதியாக வெளியே வரலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பெட்டியையும் ஒரே நடையில் கொண்டுபோகவேண்டும். அந்த நேரம் லிப்ட் நிரம்பி வழியும், படியால் இறங்க வேண்டியும் வரலாம். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு இது சரிவராது. சக்கர நாற்காலி தேவையென்றால் கடைசி நாள் காலையில் கேட்கவேண்டாம். கப்பல் ஏறிய அன்றே வரவேற்புக் கவுன்டரில் பதிந்துவிடுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. புக்கெற்றில் உங்கள் போன் தானாக அந்த நேரத்துக்கு மாறும். கடலுக்குள் சிக்னல் இல்லாததால் திரும்பி வரும்போதும் அதிலேயே நிற்கும். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால், நீங்கள் ஆறு மணிக்கு வைத்த அலாரம் ஏழுக்குத்தான் அடிக்கும். கடைசி இரவு கேபினில் உள்ள தொலைபேசியின் நேரத்தைப் பார்த்து அலாரம் வையுங்கள். மற்றது, விமானத்தில் சிங்கப்பூர் வந்தபோது நிரப்பிய வருகை அட்டையைக் கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக நிரப்பவேண்டும். வருகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் ஒன்லைனில் நிரப்பலாம், காசு இல்லை. கப்பல் வைஃபைக்குக் காசு கேட்பார்கள் என்பதால் புக்கெற்றில் இறங்கும்போது மகனிடம் சொல்லி முடித்துவிடுங்கள்.

கேள்வி: கப்பலில் கடைசி இரவு பெட்டியை வெளியே வைக்கச் சொல்லுவார்களாம். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே எடுப்பது?
– வாசகி, மாங்குளம்

பதில்: இரவு பத்து, பதினொரு மணிக்குள் நிறமும் இலக்கமும் போட்ட துண்டைக் கட்டிய பெட்டியைக் கேபின் கதவுக்கு வெளியே வைக்கவேண்டும். வைத்தால் அடுத்த நாள் துறைமுக மண்டபத்தில்தான் அதைக் காண்பீர்கள். அதனால் கடவுச்சீட்டு, விமான ரிக்கற், மருந்து, கண்ணாடி, போன் சார்ஜர், காசு, நகை எல்லாம் கைப்பையில். சில பயணங்களில் கடவுச்சீட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்திருப்பார்கள், அதைத் திருப்பி எடுத்தாயிற்றா என்று பெட்டி பூட்ட முன் பாருங்கள். மறுநாள் உடுக்கிற உடுப்பையும் செருப்பையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டவேண்டும். சேலையை உள்ளே வைத்துவிட்டு அதன் பாவாடையை மட்டும் வெளியே வைத்திருந்தால் விடிய நைற்றியோடுதான் இறங்கவேண்டி வரும்.

நிறையிலும் கவனம். கப்பலில் யாரும் பெட்டியை நிறுப்பதில்லை, விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. கொக்கி போட்டுத் தூக்கி நிறுக்கிற சின்னக் கைத்தராசு ஒன்றைப் பிள்ளையிடம் சொல்லி வாங்கி வையுங்கள். கப்பல் கடையில் வாங்கிய போத்தல்களைச் சில கப்பல்களில் கடைசி இரவுதான் கையில் தருவார்கள். அதைக் கைப்பைக்குள் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கைப்பையில் போகாது. துணியால் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைப்பதுதான் வழி. அதற்காக அந்தப் பெட்டியை மண்டபத்தில் எடுத்த பிறகு ஒருமுறை திறக்கவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: மகள் லண்டனில். சவுத்ஹாம்டனில் கப்பல் ஏறி ஸ்பெயின், போர்த்துக்கல் பார்த்துவிட்டு அங்கேயே திரும்புகிறோம். அன்று இரவே ஹீத்ரோவிலிருந்து ஊருக்கு வரலாமா? எங்களிடம் இலங்கைக் கடவுச்சீட்டு.
– வாசகர், வவுனியா

பதில்: நேரத்தைப் பொறுத்தவரை வரலாம். சவுத்ஹாம்டனிலிருந்து ஹீத்ரோ ஏறக்குறைய 105 கிலோமீற்றர், கோச் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு இறங்கினாலும் மத்தியானம் ஒரு மணிக்குள் விமான நிலையம் போய்விடலாம். இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் புறப்படுகிற விமானம் என்றால் பிரச்சினையே இல்லை, இடையில் மகள் வீட்டில் ஒரு குளிப்பும் சோறும் பார்க்கலாம். கொழும்புக்கு நேரடி விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலம். அடுத்த நாள் மத்தியானம் கட்டுநாயக்காவில் நிற்பீர்கள்.

உங்கள் விஷயத்தில் நேரத்தைவிட விசாவைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இறங்க உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா, வேண்டும். பிரித்தானியாவை விட்டுக் கடலில் போய்த் திரும்பி வருவது மறுபடி நாட்டுக்குள் நுழைவதுதான், ஆகவே பிரித்தானிய விசாவும் பலமுறை நுழையக்கூடியதாகவும் அந்தத் திகதிவரை செல்லுபடியாகவும் இருக்கவேண்டும்.

அடுத்தது பலர் விழுகிற குழி. மலிவு என்று பிராங்பேர்ட், பாரிஸ் வழியாக மாறிப்போகிற விமானத்தைப் போட்டுவிடுவார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறவே, வெளியே காலடி வைக்காவிட்டாலும், விமான நிலைய மாறுதல் விசா எடுக்கவேண்டும். செல்லுபடியான ஷெங்கன் விசா கையில் இருந்தால் அது தேவையில்லை. ஆனால் கப்பல் பயணத்துக்கென்று கணக்காகத் தந்த விசா இறங்குகிற அன்றே முடிந்துவிடலாம். ஒரு நாள் பிந்தினால் கதை கந்தல். நேரடி விமானம் இல்லையென்றால் டோஹா, டுபாய், அபுதாபி வழியாக ஒரே ரிக்கற்றில் போடுங்கள். அங்கே உள்ளுக்குள்ளேயே விமானம் மாறலாம், விசா கேட்கமாட்டார்கள்.

கேள்வி: கப்பல் வருகிற துறைமுகத்தின் பெயரும் விமான நிலையம் உள்ள நகரமும் ஒன்றென்றால் கிட்டத்தானே இருக்கும்?
– வாசகர், மன்னார்

பதில்: அந்தப் பெயரை நம்பக்கூடாது. விளம்பரத்தில் ‘ரோம்’ என்று இருக்கும், கப்பல் நிற்பது சிவிற்றாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமின் பியுமிசினோ விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம், நேரடி ரயிலும் இல்லை. ‘பாங்கொக்’ என்று போட்டுவிட்டு லெம் சபாங்கில் இறக்கினால் நூறு கிலோமீற்றருக்கு மேல். ‘லண்டன்’ கதை மேலே சொன்னதுதான். இவை எல்லாவற்றுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு முன் விமானம் வேண்டாம்.

கிட்ட இருப்பவையும் உண்டு. புளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகமும் லோடர்டேல் விமான நிலையமும் பக்கத்துப் பக்கத்தில், பத்துப் பதினைந்து நிமிடம். வன்கூவரில் கப்பல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வோட்டர்பிரன்ட் ரயில் நிலையம், 26 நிமிடத்தில் விமான நிலையம். பார்சிலோனாவில் அரை மணித்தியாலம். ஆனால் கிட்ட என்பதற்காகக் காலை விமானம் போடலாம் என்று இல்லை. பிந்துவது வீதியில் அல்ல, கப்பலுக்குள்ளும் குடிவரவு வரிசையிலும். எவ்வளவு கிட்ட என்றாலும் மத்தியானம் 12க்கு முன் வேண்டாம். மயாமியில் இறங்கி ரொறன்ரோவுக்குத் திரும்புகிற அம்மா அப்பாமார் கனடா விசா இன்னும் உயிரோடு இருக்கிறதா, மறுபடி நுழைய விடுமா என்று புறப்படுமுன்னரே பார்க்கவேண்டும்.

கேள்வி: கப்பலே பிந்தி வந்தால் விமான ரிக்கற்றுக்கு யார் பொறுப்பு?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ரிக்கற்றை எப்படி எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. மூடுபனி, காற்று, நடுக்கடலில் ஒருவருக்குக் கடும் சுகவீனம், துறையில் இடமில்லை என்று கப்பல் பிந்தப் பல காரணம் உண்டு. நீங்கள் தனியாக எடுத்த விமான ரிக்கற்றுக்குக் கப்பல் கம்பனி பொதுவாகப் பொறுப்பெடுக்காது. கப்பல் கம்பனி மூலமே விமானத்தையும் எடுத்திருந்தால் அடுத்த விமானத்துக்கு மாற்றித்தர அவர்கள் முயல்வார்கள். விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் ஆங்கிலம் கதைக்கச் சிரமப்படுகிற இரண்டு வயதான ஆட்கள் தனியே வருகிறார்கள் என்றால் அந்தக் கூடுதல் காசு வீணில்லை.

தனியாக எடுப்பதென்றால் திகதி மாற்றக்கூடிய ரிக்கற்றாக எடுங்கள். முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் இருக்கட்டும். இரண்டு கம்பனியில் இரண்டு ரிக்கற் எடுத்தால், முதல் விமானம் தவறி இரண்டாவதும் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கப்பல் பிந்துகிறது என்று தெரிந்த உடனே, விமானம் புறப்பட முன், விமானக் கம்பனிக்கு அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் ‘வரவில்லை’ என்று பதிந்து மிச்சப் பயணத்தையும் தானாக நீக்கிவிடுவார்கள். கடலில் சிக்னல் இருக்காது, ஆகவே கரையில் இருக்கிற பிள்ளையிடம் ரிக்கற்றின் பதிவிலக்கத்தை முதலே கொடுத்து வையுங்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் கப்பல் பிந்தியதற்கான கடிதத்தை வரவேற்புக் கவுன்டரில் கேட்டு வாங்கவேண்டும், இறங்கிய பிறகு அது கிடைக்காது.

இதெல்லாம் தலையிடி என்றால் ஒரு இரவு துறைமுக நகரில் தங்கி அடுத்த நாள் பறவுங்கள். பிள்ளையின் வீடு அங்கேயே இருக்கிறவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது எங்களுக்கு விளங்குவதில்லை.

கேள்வி: கட்டுநாயக்காவில் எத்தனை மணிக்கு இறங்கினால் முல்லைத்தீவுக்கு வர வசதி? வான் ஹயருக்குப் பிடிக்கவேண்டும். இல்லையென்றால் ரயிலில் வரலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: விடியப்புறம் மூன்று மணியிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் இறங்கினால் நல்லது.

விமானம் தரை தொட்டதிலிருந்து குடிவரவு, பெட்டி, வரியில்லாக் கடை எல்லாம் முடித்து வெளியே வர ஒரு மணித்தியாலம், கூட்டம் என்றால் ஒன்றரை. அங்கிருந்து சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம் வைக்கலாம். கிளிநொச்சிக்கு அதைவிட ஒன்றரை மணித்தியாலம் கூட. நீங்கள் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போகவேண்டும், தேத்தண்ணிக் கடையும் சாப்பாடும் சேர்த்து ஏழு, ஏழரை. கிளிநொச்சிக்காரர் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார்கள், அந்தக் கால் மணித்தியாலத்தையும் போடுங்கள்.

விடிய நாலரைக்கு வான் வெளிக்கிட்டால் யானை கடக்கிற புத்தளம் – அனுராதபுரம் வீதி வெளிச்சத்தில் கழிந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு இறங்குகிற விமானம்தான் எங்களுக்குப் பிடிக்காதது. யானை வருகிற துண்டும், வவுனியாவுக்கு மேலே ஏ-9 வீதியில் மாடு படுத்திருக்கிற துண்டும் இரண்டுமே இருட்டில் வரும். கறுப்பு மாடு லைற் வெளிச்சத்தில் கிட்ட வரும்வரை தெரியாது. சாரதியும் காலையில் ஊரிலிருந்து ஓடிவந்த மனிதர், நித்திரை தூங்குவார். பின்னேர விமானம்தான் கிடைத்தது என்றால் நீர்கொழும்பில் படுத்து விடிய வெளிக்கிடுங்கள். நீர்கொழும்பு விமான நிலையத்திலிருந்து பக்கம்தான்.

சாரதிக்கு நேரத்தைச் சொல்வதோடு விமான இலக்கத்தையும் கொடுங்கள். விமானம் பிந்தினால் அவர் போனில் பார்த்து ஆறுதலாக வருவார், காத்து நிற்கிற காசும் ஏறாது. நள்ளிரவுக்குப் பிறகு இறங்குகிற விமானத்தில் திகதி பிழைப்பது வழமை. 14ஆம் திகதி இரவு சிங்கப்பூரில் ஏறினால், கட்டுநாயக்காவில் இறங்குவது 15ஆம் திகதியாக இருக்கலாம். வானை 14க்குச் சொல்லிவைத்தால் அது ஒரு இரவு முந்தி வந்து நிற்கும்.

ரயிலில் வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வடக்கு ரயில் கட்டுநாயக்காவைத் தொடாது. கோட்டைக்குப் போய் ஏறவேண்டும். இரண்டு பெரிய பெட்டியோடு அது வேண்டாத வேலை.

கேள்வி: மகன் சொகுசுக் கப்பலில் சமையல் பகுதியில் வேலை. ஒப்பந்தம் ஓகஸ்ட் 20இல் முடியுதாம், பார்சிலோனாவில் இறங்குவாராம். கலியாணத்தை 25இல் வைக்கலாமா? மண்டபக்காரர் முற்பணம் கேட்கிறார்.
– ஒரு தாய், பரந்தன்

பதில்: 25 வேண்டாம். பயணி இறங்குவது வேறு, வேலையாள் இறங்குவது வேறு. உங்கள் மகனின் இடத்துக்கு மாற்று ஆள் வந்து ஏறினால்தான் அவரை விடுவார்கள். மாற்று ஆளுக்கு விசா பிந்தினாலோ கப்பல் பாதை மாறினாலோ அடுத்த துறைமுகம், சிலநேரம் அடுத்த சுற்று. ஒரு சுற்று ஏழு நாள் என்றால் தவறுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை பிந்தும்.

விமான ரிக்கற்றை நீங்கள் எடுக்கவே வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்புகிற செலவு கப்பல் உரிமையாளருடையது, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அது இருக்கிறது. கம்பனிதான் ரிக்கற் போடும், துறைமுக முகவர்தான் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அந்த ரிக்கற் பல நேரங்களில் இறங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் கைக்கு வரும். அதுவரை வானும் சொல்லிவைக்காதீர்கள்.

கலியாண நாளை ஒப்பந்தம் முடிகிற திகதியிலிருந்து மூன்று கிழமையாவது தள்ளிப் பாருங்கள். மகன் இப்போதே தன் மேலதிகாரியிடம் கலியாணத் திகதியை எழுத்தில் கொடுத்து, முன்கூட்டி இறங்க முடியுமா என்று கேட்கட்டும். வெள்ளனக் கேட்டவருக்கு மாற்று ஆளைத் தேட அவர்களுக்கும் நேரம் இருக்கும். ஐயரிடம் செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நாள் கேளுங்கள். ஆவணி முடிந்து புரட்டாதி பிறக்கிறது என்று அவர் தலையாட்டாவிட்டால் ஐப்பசிக்குப் போகட்டும். மாப்பிள்ளை இல்லாத மணவறையைவிட ஒரு மாதம் பிந்துவது மேல்.

கேள்வி: நாகபட்டினத்துக்குக் காங்கேசன்துறையால் கப்பலில் போய், அன்றைக்கே திருச்சியில் விமானம் ஏறலாமா?
– வாசகர், கனகராயன்குளம்

பதில்: வேண்டாம். கடலில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம், இரு கரையிலும் குடிவரவும் சுங்கமும். நாகபட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குத் தஞ்சாவூர் வழியாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல். ஒரு இரவு தஞ்சாவூரில் தங்கி அடுத்த நாள் மத்தியான விமானம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது சேவையையே நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் விமானத்தைப் பிடிக்க இந்தக் கப்பலை நம்பாமல் பலாலியால் பறந்து போங்கள்.